மாற்றிவைத்த திதி

சுமலதா வேலை செய்யும் கம்பெனியில் அவளுடைய பிரிவுக்குப் புதன்கிழமைதான் வார விடுமுறை. மிஷின் நிற்கக்கூடாது என்பதற்காகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல இடங்களில் இப்படித்தான், பிரிவுக்கு ஒரு நாளாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஊரே ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது அவள் பாட்டில் மூடிகளை அட்டைப்பெட்டியில் கொட்டிப் பட்டை போட்டுக்கொண்டிருப்பாள். ஊரே வேலைக்கு ஓடும் புதன்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் நிற்பாள்.

புருஷன் அன்புராஜ் இருந்தவரை அந்தப் புதன்கிழமைதான் அவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை. அவன் இன்னொரு கம்பெனியில் இரவு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர். பகலில் தூங்க வேண்டியவன். ஆனால் புதன்கிழமை வந்துவிட்டால் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "டூர் கம்பெனி கெளம்புது, ஏறுறவங்க ஏறலாம்" என்று குரல் கொடுப்பான். மகள் பூமிகாவுக்குப் பள்ளி இருந்தால் சாயங்காலம் பக்கத்தில் எங்காவது. விடுமுறை என்றால் காலையிலேயே கிளம்பித் தூரமாக. பூண்டி ஏரிக்கரைக்கு எலுமிச்சம்பழச் சோறு. திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் பூரியும் கிழங்கும். பழவேற்காட்டுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும். எந்த ஊருக்கு எந்தச் சோறு என்பது அந்த வீட்டில் சட்டம்போல ஆகிவிட்டிருந்தது. வெளியே டீயைத் தவிர வேறெதுவும் வாங்கக்கூடாது என்பது அன்புராஜின் சட்டம். பூமிகா ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்து நின்றால், "அந்த ஆளு நம்ம டூர் கம்பெனி இல்லம்மா" என்பான்.

போன வருஷம் மாசி மாதம், ஷிப்ட் முடிந்து வந்தவன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நெஞ்சு எரிகிறது என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு துக்க வருஷம். வீட்டில் பண்டிகை இல்லை, பலகாரச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. தீபாவளிக்கு உறவுக்காரர்கள் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு சோனியா கேக் கொடுத்தாள். புதன்கிழமைகள் வந்துகொண்டேதான் இருந்தன. அந்த நாட்களை என்ன செய்வதென்று தெரியாமல் சுமலதா கூடை பின்ன ஆரம்பித்தாள். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் அறுந்த துண்டுகளைக் கம்பெனியில் குப்பையில் போடுவார்கள். கேட்டில் காட்டிவிட்டு எடுத்துவரலாம். மஞ்சள் ஒருநாள் கிடைக்கும், நீலம் ஒருநாள். அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வகுந்து, அடிப்பாகம் முதலில் போட்டு, பிறகு நாலு பக்கமும் மேலே மடித்து ஏற்ற வேண்டும். பட்டையின் ஓரம் விரலைக் கிழிக்கும். கிழிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. பூமிகா பாடம் எழுதுவாள், இவள் பின்னுவாள். புதுவாயலில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் அந்தக் கூடை இல்லாத வீடு இல்லை என்றாகிவிட்டது.

வருஷம் திரும்பும் நேரம் வந்தது. அன்புராஜின் சித்தப்பா பரசுராமன் ஊரில் நிலம் வைத்திருப்பவர், குடும்பத்தில் பெரியவர். அவர் எல்லோரையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"இன்னாம்மா சுமலதா, திதி புதன்கெழம வருது. புதன்கெழம எவன் லீவு போட்டுக்கினு வருவான்? ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்."

"எனக்கு ஞாயித்துக்கெழம டூட்டி மாமா."

"ஒரு நாளு லீவு சொல்லும்மா. ஒன் ஒருத்திக்கோசரம் மத்த எல்லாரும் லீவு போட முடியுமா? அன்பு ஒன்னும் சொல்லமாட்டான். அவனே டைம் பாத்து வண்டி ஓட்னவன்தானே."

நாலைந்து பேர் சரி சரி என்றார்கள். அன்புராஜின் அக்கா கங்கம்மாவும் அந்த அழைப்பில் இருந்தாள். அவள் இருமியது கேட்டது. வேறெதுவும் சொல்லவில்லை. அந்த இருமலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது, சுமலதாவுக்கும்.

கங்கம்மா தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலை, வீடும் அங்கேயேதான். அன்புராஜ் போனபோது, பிள்ளையோடு சுமலதாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். "எந்தம்பி பொண்டாட்டி எந்தம்பி ஊட்லதான் இருப்பா. யாருக்கு இன்னா பேஜாரு?" என்று நடு வாசலில் நின்று கேட்டவள் கங்கம்மா. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கூடவே இருந்து, சுமலதாவுக்குத் தலை வாரிவிட்டவள். புருஷன் வீட்டு ஆட்களில் சுமலதாவுக்கு என்று இருந்தது அந்த ஒருத்திதான்.

அந்தப் புதன்கிழமை காலையில் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தபோது, அடியில், அன்புராஜ் போன அதே திதி, சஷ்டி என்று அச்சிட்டிருந்தது. சுமலதா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திதியைத்தான் மாற்றிவைத்துவிட்டார்களே. துக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோய்விட்டால் புதன்கிழமை வெறும் புதன்கிழமைதானே. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்குப் பரீட்சை நடந்ததால் பூமிகாவுக்கு விடுமுறை. முந்தின நாள் இரவே புளியைக் கரைத்துக் காய்ச்சி வைத்திருந்தாள். ஆக, இது காலையில் திடீரென்று தோன்றியது என்றும் அவளால் சொல்லிக்கொள்ள முடியாது.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்ட பூமிகா, முட்டைகள் வேகிற சத்தம் கேட்டதும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்ச் செருப்பைத் தேடினாள்.

பக்கத்து வீட்டு சோனியா குடத்தோடு வாசலில் நின்றாள். புதுக் கூடையில் மூடி போட்ட டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "டூரா சுமா? போய்ட்டு வா. கொழந்த மூஞ்சே செத்துப்போயிக் கெடக்குது" என்றாள். அவளுக்குத் திதி விவரம் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னது சுமலதாவுக்கு ஒரு உத்தரவு கிடைத்த மாதிரி இருந்தது.

பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இன்னொன்று. பாலத்தின் மேல் நடக்கும்போது ஏரியில் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் பூநாரை என்று பூமிகா சொன்னாள். கொக்கு என்றாள் அம்மா. சண்டை போட்டுக்கொண்டே கடற்கரைக்குப் போனார்கள். சவுக்கு நிழலில் துண்டை விரித்துப் புளிச்சோற்றைத் திறந்ததும் காக்கைகள் வந்து சுற்றி உட்கார்ந்தன. பூமிகா ஒரு கையால் அவற்றை விரட்டிக்கொண்டு மறுகையால் சாப்பிட்டாள். வேர்க்கடலை நன்றாக வறுபட்டிருந்தது. பெருங்காயம் தூக்கலாக விழுந்திருந்தது. ஒரு வருஷமாகச் சோறு இறங்கியதே தவிர, ருசி என்ற ஒன்று இருப்பதே சுமலதாவுக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு ருசித்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

அலையில் பூமிகா விழுந்து எழுந்து, தலையெல்லாம் மணலோடு வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டே வந்தபோது சுமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது போன் அடித்தது.

கங்கம்மா அண்ணி என்று திரையில் எழுதியிருந்தது.

எடுக்கத்தான் விரல் போனது. காற்று ஹோவென்று அடித்துக்கொண்டிருந்தது. அலைச் சத்தம் காதுக்குள் புகும். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? கம்பெனியில் உள்ளே போகும்போது போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அது கங்கம்மாவுக்குத் தெரியும். ஆள் பற்றாத புதன்கிழமைகளில் ஓட்டி என்று கூடுதல் வேலைக்குக் கூப்பிடுவதும் உண்டு. எடுக்காவிட்டால் டூட்டி என்று நினைத்துக்கொள்வாள். சாயங்காலம் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம். போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. சுமலதா சத்தத்தை அணைத்துக் கூடைக்குள் துண்டுக்கு அடியில் வைத்தாள்.

திரும்பும்போது மீன் விற்கிற இடத்தில் நெத்திலிக் கருவாட்டை முகர்ந்து பார்த்து ஒரு பொட்டலம் வாங்கினாள். ராத்திரிக்குக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கலாம் என்று வாய் ஊறியது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில், சோனியா வீட்டுப் படியில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். காலடியில் வாழை இலைச் சுருள், அகத்திக்கீரைக் கட்டு, ஒரு பையில் அரிசி, பருப்பு. இலையின் ஓரம் வாடிச் சுருண்டிருந்தது.

சுமலதா கூடையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். சோனியாதான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

"இன்னா சுமா, இன்னிக்கும் ஓட்டி குட்த்துட்டானுங்களா? பாவம், அக்கா மத்தியானத்துலேர்ந்து குந்திக்கினு கீறாங்க. நாந்தான் சொன்னேன், டூட்டிக்குப் போயிருப்பான்னு."

சொல்லிவிட்டுக் கண்ணால் ஒரு ஜாடை. பூமிகா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுமலதா சொன்னாள்:

"ஆமா அண்ணி. திடீர்னு கூப்ட்டாங்கோ. ஆளு பத்தலன்னு. இவள கூட வேல செய்றவங்க ஊட்ல உட்டுட்டுப் போனேன்."

"பாவி பசங்க" என்று எழுந்தாள் கங்கம்மா. "லீவு நாளுன்னுகூடப் பாக்கமாட்டானுங்களா? போன் லாக்கர்ல இருந்திருக்கும். நா அப்பவே நெனச்சேன். எனக்கும் காலைல திடீர்னுதாம்மா மனசு கேக்கல. ஞாயித்துக்கெழம ஊருக்கு வெச்சிக்கட்டும், இன்னிக்கு எந்தம்பிக்கு ஒரு புடி சோறு வெச்சிடலாம்னு லீவ சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்."

"எதுனா சாப்ட்டீங்களா அண்ணி?"

"காக்கா எடுக்காம எப்பிடித் துன்றது? இந்தப் பொண்ணு டீ குட்த்துது. வாணாம்னுட்டேன்." பூமிகாவை இழுத்து அணைத்தவள் அவள் தலையைத் தடவினாள். "இன்னாடி, தலயெல்லாம் மண்ணு? வெயில்லயே ஆடிக்கினு இருந்தியா? அம்மா இல்லன்னா ஒரே ஆட்டம்தான்." பிறகு மூக்கைச் சுளித்தாள். "இன்னா கவிச்சி வாட?"

சோனியா கூடைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை உருவிக்கொண்டாள். "எங்கூட்டுதுக்கா. வர்ற வழில வாங்கியாரச் சொன்னேன். குடு சுமா, ஒனக்குத்தான் இன்னிக்கு ஆவாதே."

அரக்கப்பரக்கச் சோறும் பருப்பும் கீரையும் ஆக்கினார்கள். அன்புராஜ் படத்துக்கு முன்னால் இலை போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு, கங்கம்மா ஒரு கவளத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். கா, கா என்று அவள் கூப்பிடுகிற குரல் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. காக்கைகளெல்லாம் அடைந்துவிட்டிருந்தன. கங்கம்மா கீழே வந்து, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பூமிகா பக்கத்தில் படுத்தாள். விடிந்து காக்கை வந்து எடுத்த பிறகுதான் டீ குடித்தாள். நேராக வேலைக்குப் போக பஸ் ஏறினாள். ஏறும்போதுகூட, "ஒடம்பப் பாத்துக்கம்மா, அவனுங்க கூப்ட்டான்னு ஓடிக்கினே இருக்காத" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த வாரம் முழுக்கச் சுமலதாவுக்கு அந்தச் சொல்தான் காதில் நின்றது. பட்டை போடுகிற மிஷினுக்கு முன்னால் நின்றபடி, கங்கம்மா படியில் உட்கார்ந்திருந்ததையும் தான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது எந்த நேரத்தில் நடந்தது என்று தெரியவில்லை. ஆனால் இரண்டும் ஒரே நாளில்தான் நடந்தன. பூமிகாவோ பழவேற்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுக்கி வந்த கிளிஞ்சல்களை அலமாரியில் துணிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். யாரும் அவளை ஒளிக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொந்தமெல்லாம் வந்து இறங்கியது. சோனியா புருஷன் அந்தோணி தெருவில் நாற்காலி போட்டுக் கொடுத்தான். பரசுராமன் நடுநாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது, கங்கம்மா கரண்டியோடு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சித்தப்பா, நல்லா சௌரியமா குந்திக்கினு கீறீங்களா? திதி அன்னிக்கு எந்தம்பிக்கு ஒரு வா தண்ணி வெக்க ஆளில்ல. இவளும் டூட்டி. லீவு கெடைக்கற நீங்கல்லாம் நாள மாத்திட்டீங்க. லீவே கெடைக்காதவ தலைல வந்து உழுந்துச்சி."

"ஏம்மா, போன்ல நீயும்தானே இருந்த? அப்ப வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"இருமுனேனே, கேக்கலயா?"

"இருமுனா ஒடம்பு சரியில்லன்னு நெனைப்பேன். வாணாம்னு நெனைப்பனா?"

எல்லோரும் சிரித்தார்கள். கங்கம்மாவுக்கு அதில் இன்னும் ரோசம் ஏறியது. "நாளைக்கே கம்பெனி கேட்டாண்ட போறேன். புருஷன் திதில பொம்பளய டூட்டிக்குக் கூப்ட்ட அந்த சூப்ரவைசர நாலு வார்த்த கேக்கறேன். சுமா, இன்னா அவன் பேரு?"

சுமலதா வடை மாவைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். "சாலமோன் சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர்தான், வருஷப் படையல் என்றதும் வேறெதுவும் கேட்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை கொடுத்தவர்.

"போ, போயி கேட்டுட்டு வா" என்றார் பரசுராமன். "லேபர் ஆபீசர் வந்துட்டாங்கன்னு கேட்டத் தெறந்து உடுவானுங்க."

"போவத்தான் போறேன். அங்க நின்னு கத்துனாதான் இவளுக்கு மரியாத."

அவள் சொன்னால் செய்வாள். வீட்டுக்குப் பின்னால் கல் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஏறிய முதல் சட்டி. கங்கம்மா வந்து உட்கார்ந்து மாவைத் தட்டிப் போட ஆரம்பித்தாள். சுமலதா பக்கத்தில் குந்தினாள். வேறு யாரும் இல்லை.

"அண்ணி, கம்பெனிக்குப் போவாதீங்க."

"ஏன், வேலைக்கு ஒல வெச்சிடுவானா?"

"அவரு மேல தப்பு இல்ல. அன்னிக்கு நா டூட்டிக்கே போவல."

கங்கம்மா வடையைத் திருப்பிப் போட்டாள்.

"பூமிகாவ கூட்டிக்கினு பழவேற்காடு போனேன். சோறு கட்டிக்கினு. அந்தக் கருவாடும் நா வாங்குனதுதான். திதின்னு தெரியும். தெரிஞ்சேதான் போனேன்."

எண்ணெய் சடசடத்தது. திட்டு வரும் என்று சுமலதா குனிந்திருந்தாள். வந்தது ஒரு கேள்வி.

"நா போன் அடிச்சப்ப பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லலாம். கூடைக்குள் இருந்தது என்று சொல்லலாம். அது பாதி உண்மைகூட.

"பாத்தேன். ரெண்டு வாட்டியும் பாத்தேன்."

கங்கம்மா வடைகளை அரித்துத் தட்டில் போட்டாள். அடுத்த உருண்டையை எடுத்தவள் அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

"நீ கடலுக்குப் போனதுக்கு நா ஒன்னும் சொல்லமாட்டேன். எத்தினி நாளு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கெடப்ப? கொழந்த வேற. அவன் இருந்தா அவனே இட்டுக்கினு போயிருப்பான். போன எடுத்து, இங்க கீறேன் அண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்பேன்? அங்கயே அந்தச் சோத்துல ஒரு உருண்ட எடுத்து மணல்ல வை, காக்கா எடுத்துக்கும், அப்பறம் நீங்க துன்னுங்கன்னு சொல்லியிருப்பேன். முடிஞ்சுபோச்சி. நானும் பாதி வழிலயே எறங்கி ஊட்டுக்குப் போயிருப்பேன்."

சுமலதா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

"சொன்னா நா கேட்டுக்கமாட்டேன்னு நீ நெனச்சியே, அதான் தாங்கல" என்றாள் கங்கம்மா. மாவைத் தட்டி எண்ணெயில் விட்டாள்.

படையல் நடந்தது. இலைகள் போட்டார்கள், எடுத்தார்கள். கங்கம்மா எல்லோருக்கும் பரிமாறினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பரசுராமன் இரண்டாவது வடை கேட்டபோது, "இருமிக் கேளுங்க, போடறேன்" என்றாள். கம்பெனி பேச்சை யாரோ எடுத்தபோது, "அத உடு, நா வெசாரிச்சிட்டேன், அந்தாளு மேல ஒன்னும் இல்ல" என்று முடித்துவிட்டாள். சுமலதாவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கடைசிப் பந்தியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடை நன்றாகத்தான் இருந்திருக்கும். சுமலதாவுக்குத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். துக்கம் நடந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. அந்தச் சொந்தத்தில் வருஷப் படையலுக்கும் அதே முறைதான். சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பரசுராமன் அப்படியே போனார். மற்றவர்களும் போனார்கள். கங்கம்மா பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டு, முகம் கழுவி, பூமிகாவின் கன்னத்தை ஒரு தடவு தடவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.

சுமலதா பூமிகாவோடு தெருமுனை வரை பின்னால் போனாள். பெரியபாளையம் பஸ் கூட்டுரோட்டில் வந்து நின்றது. கங்கம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகம் நேராக இருந்தது. முறைக்காகத் திரும்பாமல் இருக்கிறாளா, மனசு விட்டுப்போய்த் திரும்பாமல் இருக்கிறாளா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பஸ் நகர்ந்தது.

"அத்தைக்கு நம்ம மேல கோவமாம்மா?" என்று பூமிகா கேட்டாள்.

"தெர்லடி" என்றாள் சுமலதா. "புதன்கெழம காக்களூர் போயி அவங்க ஊட்லயே கேப்போம்."